பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நம்பரைக் கேளுங்க: நிறுத்தி வைத்த வண்டியில் கரண்ட்டைக் குடிப்பது யார்?

திங்கள்கிழமை காலை ஏழரை மணி. பொழிச்சலூரிலிருந்து தாம்பரம் சானடோரியம் மெப்ஸுக்கோ, ஓ.எம்.ஆருக்கோ கிளம்ப வேண்டிய நேரம். சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை மங்கலாக எரிந்து அணைகின்றன. செல்ஃப் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்தும்போது நல்லாத்தான் இருந்தது.

அடுத்து நடப்பது நம்ம எல்லோருக்கும் தெரியும். போனில் தேடினால் 'வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தருகிறோம்' என்று பத்து எண்கள் வரும். அரை மணி நேரத்தில் ஒருவர் பைக்கில் புது பேட்டரியோடு வருவார். பழசைக் கழற்றி, புதுசை மாட்டி, நாலாயிரமோ ஐயாயிரமோ வாங்கிக்கொண்டு போய்விடுவார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பும். பிரச்சினை முடிந்தது என்று நினைப்போம். பலருக்கு உண்மையிலேயே முடிந்தும்விடும். ஆனால் சிலருக்கு ஆறே மாதத்தில் அதே 'டக் டக்' மறுபடி கேட்கும். அப்போது 'இந்த பிராண்டே சரியில்ல சார்' என்று வேறொரு பிராண்டு மாட்டப்படும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்தான். பேட்டரிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு எண்ணைக் கேளுங்கள். சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போன பிறகு உங்கள் வண்டி எத்தனை மில்லி ஆம்பியர் கரண்ட்டை இழுக்கிறது? அதை அளந்து சொல்லாமல் 'பேட்டரி வீக்' என்று யார் சொன்னாலும் அது பாதி ஊகம்தான்.

அணைத்து வைத்த காரும் கொஞ்சம் கரண்ட்டைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். கடிகாரம் ஓட வேண்டும், ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும், திருட்டு அலாரம் விழித்திருக்க வேண்டும், இன்ஜின் கம்ப்யூட்டர் தன் நினைவை வைத்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை. 50-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம் என்பது மெக்கானிக்குகள் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு.

இதைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. 30 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு ஆரோக்கியமான காரை வெள்ளி இரவு எட்டு மணிக்கு நிறுத்தி, திங்கள் காலை எட்டு மணிக்கு எடுத்தால் 60 மணி நேரம். செலவானது 1.8 ஆம்பியர்-அவர். பேட்டரிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதே கார் 400 மில்லி ஆம்பியர் இழுத்தால் அந்த 60 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-அவர் போய்விடும். மிச்சம் 11. ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த 11-ஐ வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றுவது சந்தேகம்தான். 400 மில்லி ஆம்பியர் என்றால் பெரிதாக ஏதோ எரிகிறது என்று நினைக்க வேண்டாம். டிக்கியில் இருக்கும் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தால் போதும், அவ்வளவு ஆகிவிடும்.

ஒரே ராத்திரியிலா, மூணு நாளிலா?

மீட்டரை எடுப்பதற்கு முன்னாடியே உங்களிடம் ஒரு பெரிய துப்பு இருக்கிறது. வண்டி எவ்வளவு நேரத்தில் படுக்கிறது என்பதுதான் அது.

நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி ஒரே இரவில் காலியாகிறது என்றால் ஏதோ ஒன்று இரண்டு, மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ஹெட்லைட்டை அணைக்க மறந்திருக்கலாம். ஏதாவது ஒரு ரிலே ஒட்டிக்கொண்டு ஃபேனையோ ஏ.சி. கிளட்ச்சையோ விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது நம் பட்டறைகளில் இன்னும் 'டைனமோ' என்று சொல்லும் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு போயிருக்கலாம். பகலில் பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்க வேண்டிய வழியே ராத்திரியில் அதை உறிஞ்சும் வழியாக மாறிவிடும். இப்படிப் பெரிதாக எதுவும் இழுக்காமலேயே ஒரே இரவில் படுத்தால் பேட்டரிதான் கிழடு தட்டிவிட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் மட்டும் படுக்கிறது, தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை என்றால் அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். அரை ஆம்பியருக்குப் பக்கத்தில் எங்கோ ஒழுகுகிறது. மூன்று வாரம் கழித்துப் படுத்தால்? 30 மில்லி ஆம்பியர் வீதம் 21 நாளுக்கு 15 ஆம்பியர்-அவர் ஆகிறது. பேட்டரி தானாகவே இழக்கும் கொஞ்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்து, கார் கிளம்பவில்லையே என்று பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமே இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு வண்டிகள் வாரக்கணக்கில் நின்றபோது தெருவுக்கு நாலு கார் படுத்ததும் இதே கணக்கில்தான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பழக்கம் வந்ததிலிருந்து இது அதிகமாகவே கண்ணில் படுகிறது. வாரம் முழுக்க கார் போர்ட்டிகோவில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பம்மல் வரைக்கும் காய்கறிக்கு ஒரு நடை. ஸ்டார்ட் செய்ததில் செலவானதையே அந்தச் சில கிலோமீட்டர் ஓட்டம் முழுசாகத் திருப்பித் தராது. இதில் ஏ.சி., ஹெட்லைட், போன் சார்ஜர் வேறு. வரவு குறைந்துகொண்டே போகும்போது சின்னச் செலவுகூடப் பெரிதாகத் தெரியும், வீட்டு பட்ஜெட் மாதிரிதான்.

குடிப்பது யார்?

கம்பெனியில் இருந்து வந்த வயரிங்கை விட, பிறகு நாம் மாட்டியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கார் எடுத்த முதல் மாதத்திலேயே பெரிய டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ்., டேஷ்கேம், காலடியில் நீல லைட் என்று ஒவ்வொன்றாக ஏறிவிடுகின்றன. ஸ்டீரியோவுக்கு இரண்டு பவர் வயர்கள் உண்டு. மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வேண்டும் என்பதற்கு, நினைவு அழியாமல் இருக்க. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டால் பாட்டு நன்றாகவே பாடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஸ்டீரியோ தூங்கவே தூங்காது.

டேஷ்கேமும் அப்படித்தான். நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் 'பார்க்கிங் மோடு' வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். அது 200 முதல் 400 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமராவைத் துண்டிக்கும் கிட் ஒன்று உண்டு. மாட்டும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள். காரின் கம்ப்யூட்டரைச் சோதிக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகும் குட்டி டிராக்கர்கள் இன்னொரு வகை. அது தான் குடிப்பது மட்டும் இல்லாமல், சில கார்களில் மற்ற கம்ப்யூட்டர்களையும் தூங்கவிடாமல் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு வேறு சூழ்நிலை. 2019 ஜனவரிக்குப் பிறகு பதிவான பொதுப் போக்குவரத்து வண்டிகளில் ஏ.ஐ.எஸ். 140 தரத்திலான இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். அதைக் கழற்ற முடியாது. வண்டி நீண்ட நாள் நிற்கப் போகிறது என்றால் இடையில் பேட்டரிக்கு சார்ஜ் போடுவதுதான் வழி. (கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் மேல் சிலர் சந்தேகப்படுகிறார்கள். பாவம், அதற்கு பேட்டரியும் கிடையாது, வயரும் கிடையாது. டோல்கேட்டில் இருக்கும் ரீடரின் அலையிலிருந்துதான் அது உயிர் பெறுகிறது.)

பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்கள் சாவியை எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்க்கட்டும். அரை கிரவுண்டு வீட்டில் போர்ட்டிகோவும் ஹாலும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும். அந்தச் சுவரில்தான் சாவி ஸ்டாண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் கார். சில மாடல்களில் கார் 'முதலாளி வந்துட்டார்' என்று நினைத்து விடிய விடிய விழித்துக்கொண்டே இருக்கும். சாவியை உள் அறைக்கு மாற்றிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். பொழிச்சலூருக்கு என்று ஒரு தனிக் காரணம் உண்டு. அது அடையாறு. அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர், கவுல் பஜார் என்று ஒட்டிக்கொண்டு ஓடி, விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைக்கு அடியில் நுழையும் அதே ஆறு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அந்த ஓடுபாதையே தண்ணீரில் நின்று விமான நிலையம் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையிலும் தென் சென்னைப் புறநகரில் கார்கள் மிதந்த படங்களைப் பார்த்தோம். அந்த அனுபவத்தால்தான் 2024 அக்டோபரில் வானிலை எச்சரிக்கை வந்ததுமே ஆட்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு காரின் வயரிங் எங்கெங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் கார்ப்பெட்டுக்கு அடியிலும், சீட்டுக்கு அடியிலும், ஓட்டுநர் காலடியிலும்தான் கனெக்டர்கள் இருக்கின்றன. இன்ஜின் வரைக்கும் தண்ணீர் ஏறாத காரில்கூட காலடியில் ஒரு ஜாண் நின்றிருக்கும். வெயிலில் காய வைத்து, சீட் கவரை மாற்றி, வாசனை ஸ்பிரே அடித்ததும் கார் பழையபடி ஆனதாகத் தோன்றும். ஆனால் சாக்கடை கலந்த வெள்ளநீர் விட்டுப்போன உப்பும் சேறும் கனெக்டர் பின்களுக்கு நடுவே பாலம் கட்டியிருக்கும். செம்பு பச்சை பூக்கும். மழைக்கால ஈரத்தில் அந்தப் பாலம் வழியே கரண்ட் மெதுவாகக் கசியும், வெயில் காலத்தில் காய்ந்து நின்றுவிடும். 'மழை வந்தா மட்டும் பேட்டரி இறங்குது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, இந்த வண்டி எந்த டிசம்பரில் எங்கே நின்றது என்பதைத்தான். மழைக்கு ஒதுங்க பானெட்டுக்குள் குடியேறும் எலிகளும் தம் பங்குக்கு வயரின் மேல்தோலைக் கடித்து வைக்கும்.

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனி பகவானைக் கும்பிட எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். 'வண்டிக்கு நேரம் சரியில்ல' என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. கும்பிட்டுவிட்டு வந்து மல்டிமீட்டரையும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொல்வேன்.

எப்படிப் பிடிப்பது?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். முதலில் எளிய சோதனை. பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, இரு முனையிலும் வோல்ட் பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இப்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி அளந்து பாருங்கள். எதனோடும் சேராமல் தனியாக இருந்தும் வோல்ட் சரசரவென்று இறங்கியிருந்தால் குற்றவாளி பேட்டரியேதான். தனியாக இருந்தபோது அசையவில்லை, காரோடு சேர்த்தால் மட்டும் இறங்குகிறது என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். இந்த ஒரு ராத்திரிச் சோதனையைச் செய்தாலே தேவையில்லாத பேட்டரி மாற்றங்களில் பல நின்றுவிடும் என்பது என் கருத்து.

அடுத்தது கரண்ட்டை நேரடியாக அளப்பது. மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, சிவப்பு முனையையும் அதற்கான துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே கோர்க்க வேண்டும். காருக்குப் போகும் கரண்ட் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும். இதில் மூன்று விஷயங்களில் தப்பு நடக்கக் கூடாது. ஆம்பியர் நிலையில் உள்ள மீட்டரைப் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே வைத்துவிடக் கூடாது, அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்த 10 ஆம்பியர் துளைக்குப் பாதுகாப்பு ஃபியூஸ்கூட இருக்காது. இரண்டாவது, மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யவே கூடாது. மூன்றாவது, மின்சாரக் காரிலும் ஹைபிரிட்டிலும் ஆரஞ்சு நிற கேபிள்கள் இருக்கும் பக்கம் கையே போகக் கூடாது.

மீட்டரைக் கோர்த்ததும் ஒன்று, இரண்டு ஆம்பியர் காட்டும். பதறாதீர்கள். கார் இப்போதுதான் கண் விழித்திருக்கிறது. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக பத்து நிமிடத்திலிருந்து சில கார்களில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதுவரை கதவைத் திறந்தாலும், சாவியோடு பக்கத்தில் வந்தாலும் மறுபடி எழுந்துவிடும். அனுபவசாலி எலக்ட்ரீஷியன்கள் இதற்காகவே முன்கூட்டியே கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியதாகக் காரை நம்ப வைத்துவிடுவார்கள். பிறகு ஒரு டீ. டீ குடித்துவிட்டு வரும்போது மீட்டர் காட்டுவதுதான் நாம் கேட்ட எண்.

அது 50-க்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை. 300 என்றோ 500 என்றோ நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டும். எதை உருவியதும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் ஆள் ஒளிந்திருக்கிறார். புது கார்களில் இதைவிட நல்ல வழி, ஃபியூஸை உருவாமலேயே அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைப்பது. கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம் காட்டும். ஓடும் ஃபியூஸில் கொஞ்சமாவது தெரியும். காரைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் திருடனைப் பார்த்துவிடலாம். எல்லா ஃபியூஸையும் பார்த்தும் எதுவும் சிக்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையும், பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்த வயர்களையும் பார்க்க வேண்டும். கடையில் ஸ்டீரியோ மாட்டியவர் ஃபியூஸ் பாக்ஸைத் தொடாமலே வயர் இழுத்திருக்கலாம். பட்டறைக்காரர்கள் கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டி.சி. அளக்கும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். விலை குறைந்தவை பெரும்பாலும் ஏ.சி. மட்டும்தான் அளக்கும், காரில் அவை காட்டுவது பூஜ்யம்தான்.

'பாத்ததுக்கு எதுக்கு காசு?'

இவ்வளவு எளிதான சோதனையை ஏன் யாரும் செய்வதில்லை? சோம்பேறித்தனம் என்று மெக்கானிக்குகள் மேல் பழி போடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பக்கத்திலிருந்து பாருங்கள். கார் தூங்கக் காத்திருக்க ஒரு மணி நேரம், ஃபியூஸ்களைத் தேட இன்னொரு மணி நேரம். கடைசியில் கண்டுபிடித்தது, முறுக்கிய ஒரு மஞ்சள் வயர். அதைப் பிரித்து டேப் சுற்ற இரண்டு நிமிடம். 'எவ்வளவுண்ணே?' என்று கேட்டு, அவர் எண்ணூறு ரூபாய் என்று சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? 'ஒரு வயரைப் பிரிச்சதுக்கா எண்ணூறு?' அதே நாம், இருபது நிமிடத்தில் மாட்டிய பேட்டரிக்கு ஐயாயிரத்தை ஜி-பேயில் சத்தமில்லாமல் அனுப்புகிறோம். கையில் ஒரு பொருள் கிடைத்தால்தான் காசு கொடுப்போம், கண்டுபிடித்துச் சொன்னதற்குக் கொடுக்க மாட்டோம் என்றால், சந்தையும் நமக்குப் பொருளைத்தான் விற்கும். மென்பொருளில் ஒரு 'பக்'கைத் தேட மூன்று நாள் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு, அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் வாங்கும் தலைமுறை இது. அதற்காவது இந்தக் கணக்கு புரிய வேண்டாமா?

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சுபாரு கார் வைத்திருந்தவர்கள், நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்குகிறது என்று 2020-ல் நியூஜெர்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். பேட்டரியை மாற்றியும் பிரச்சினை தீரவில்லை என்பதுதான் அவர்களின் முக்கியமான புகார். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. மின்சாரக் கார் வாங்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதற்கு சார்ஜ் கொடுக்கும் பகுதியில் வந்த கோளாறுக்காகவே ஹூண்டாய் 2024-ல் ஐயோனிக் 5 கார்களை இந்தியா உட்படப் பல நாடுகளில் திரும்ப அழைத்தது.

ஒரு எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. சென்னை வெயிலில் பேட்டரிக்கு ஆயுளே மூன்று, நான்கு வருடம்தான். வெப்பம் கூடக் கூட உள்ளே நடக்கும் தேய்மானம் வேகமாகும். நாலு வருடம் ஆன பேட்டரி படுத்தால், காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியவர் மில்லி ஆம்பியர் எண்ணிக்கொண்டா இருப்பார்? இருக்க வேண்டாம். மாற்றிவிட்டுப் போகட்டும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணை அளந்துவிட வேண்டும். கசிவு இருக்கும் காரில் மாட்டிய புது பேட்டரியும் நாலைந்து முறை அடிமட்டம் வரை காலியானால், உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. வாரன்டிக்குக் கொண்டுபோனால், 'பேட்டரியில குறை இல்ல, சார்ஜ் மட்டும்தான் இறங்கியிருக்கு' என்று சார்ஜ் போட்டுத் திருப்பித் தருவார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை.

கழற்றிப் போடும் ஒவ்வொரு பேட்டரியின் எடையிலும் பாதிக்கு மேல் ஈயம். முறையான ஆலைக்குப் போனால் அது மறுபடி பேட்டரியாகும். கொல்லைப்புற உலைக்குப் போனால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. நல்லது. ஆனால் நல்லா இருக்கும் பேட்டரியைக் கழற்றாமல் இருப்பதை எந்த விதியும் செய்து தராது. அதற்கு ஜாப் கார்டில் ஒரு வரி வேண்டும்: 'வண்டி தூங்கிய பின் இழுக்கும் கரண்ட்: இத்தனை மில்லி ஆம்பியர்'. ஷோரூம் சர்வீஸ் சென்டர்கள் இதை எழுதித் தர மறுக்கக் காரணமே இல்லை. ஸ்டீரியோ, ஜி.பி.எஸ். மாட்டும் கடைகளும் மாட்டுவதற்கு முன்பும் பின்பும் அளந்து பில்லில் எழுதட்டும். கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். மாட்டிய வேலையால்தான் பேட்டரி போனது என்று தெரிந்தும் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அப்போது உங்கள் கையில் இருக்கும் அந்த இரண்டு எண்கள்தான் ஆதாரம்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு இது இன்னும் அவசரம்

காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இரு சக்கரம்தான். ஸ்கூட்டர் பேட்டரியின் கொள்ளளவு 3 முதல் 5 ஆம்பியர்-அவர். காரில் சாதாரணமான 50 மில்லி ஆம்பியர் இங்கே பெரிய ஒழுக்கு. நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர். மூன்றே நாளில் கதை முடிந்தது. ஆன்லைனில் வாங்கிய குட்டி ஜி.பி.எஸ்., திருட்டு அலாரம், ஹேண்டில்பாரில் மாட்டிய யு.எஸ்.பி. சார்ஜர் எல்லாம் நேரடியாக பேட்டரியில் கோர்க்கப்பட்டிருந்தால் வெளியூர் போய்விட்டு வரும்போது வண்டி எழாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு வரும் பல ஸ்கூட்டர்களில் கிக்கரே கிடையாது. கிக்கர் இருந்தாலும் பேட்டரி அடியோடு காலி என்றால் பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும் வேலை செய்யாது. கியர் இல்லாத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. ராத்திரி பதினோரு மணிக்குக் கடைசி ரயில்களில் ஒன்றிலிருந்து இறங்கி வரும் ஒரு பெண்ணுக்கு இது வெறும் எரிச்சல் இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. கூடுதலாக எதை மாட்டினாலும் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. டெஸ்ட் டிரைவில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும், ஏ.சி. நன்றாகத்தான் குளிரும். வெள்ளத்தில் நின்ற கார் தன்னைக் காட்டிக்கொடுப்பது நிற்கும்போதுதான். விற்பவரிடம் சொல்லி, வெள்ளி ராத்திரி நிறுத்தும்போது ஒருமுறை வோல்ட் அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை போய், கதவைத் திறப்பதற்கு முன் பானெட்டைத் தூக்கச் சொல்லி மறுபடி அளந்து பாருங்கள். முன்பக்கக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, சீட்டைத் தாங்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று போன் டார்ச் அடித்துப் பாருங்கள். 'இதுக்கெல்லாம் விட மாட்டேன் தம்பி' என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.